ஓடும்போது கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

அதிகாலை ஐந்தேகாலுக்கு அந்த அழைப்பு வந்தது. "சார், லிங்க் விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது. ஆனால் ஒரு பிங் கூடப் போகவில்லை. ஏழு சர்வர்கள் இப்படி நிற்கின்றன."

ஒன்பது நாள்களுக்கு முன்புதான் அந்த நிறுவனத்தின் நாற்பது சர்வர்களிலும் 100 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பதிப்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அறிக்கையின் முதல் வரியில், வினாடிக்கு இத்தனை ஜிகாபிட் வேகம் என்று 94.1 என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அன்று அதிகாலை டேட்டா சென்டரில் ஒரு ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அதில் செருகியிருந்த எல்லா இணைப்புகளும் ஒருமுறை விழுந்து எழுந்தன. முப்பத்துமூன்று சர்வர்கள் தாமாகவே மீண்டுவிட்டன. மற்ற ஏழும் ஒரே கோலத்தில் கிடந்தன. இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவைப் பார்த்தால், அனுப்பு வரிசை ஒன்று சில வினாடிகளாக அசையவில்லை என்று, வரிசைகளைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் தந்த எச்சரிக்கை, டிரைவர் கார்டை மீட்டமைக்க முயன்றதற்கு அடையாளமாக இரண்டு வரிகள், அதற்குமேல் ஒன்றுமில்லை.

94.1 என்பது பொய்யான எண் அல்ல. வழக்கமான 1500 பைட் பாக்கெட்டில் தலைப்புகள், இடைவெளிகள் எல்லாம் கழித்தால் 100 ஜிகாபிட் ஈதர்நெட்டில் டிசிபி என்ற பரிமாற்ற நெறிமுறை கொண்டுபோகக்கூடிய உச்சமே அவ்வளவுதான். கார்டு சுவரைத் தொட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். அந்தச் சுவரைத் தொட டிரைவர் எவ்வளவு உழைத்தது என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஐபெர்ஃப் போன்ற கருவியால் டிசிபி வேகத்தை அளக்கும்போது, கர்னல் 64 கிலோபைட் வரையிலான பெரிய கட்டிகளாகத் தரவை டிரைவரிடம் தூக்கிப் போடுகிறது. அதைச் சின்னப் பாக்கெட்டுகளாக நறுக்கும் வேலையைக் கார்டே செய்துகொள்கிறது. மறுமுனையில் வந்து சேரும் துண்டுகளை மறுபடி கட்டியாக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். எனவே முழு வேகத்தில் ஓடினாலும் அனுப்பும் பக்கத்து டிரைவர் வினாடிக்குச் சுமார் 1.8 லட்சம் கட்டிகளைக் கையாண்டால் போதும். அதே கம்பியில் 64 பைட் பாக்கெட்டுகளாக ஓட்டினால் வினாடிக்கு 14.88 கோடி. ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 6.72 நானோ வினாடி. மூன்று ஜிகாஹெர்ட்ஸ் பிராசசர் கோர் ஒன்றுக்கு அது இருபது துடிப்பு. வேண்டிய தரவு பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவான கேஷில் இல்லாமல் மெமரிக்கு ஒருமுறை போய் வந்தாலே பத்துப் பாக்கெட்டுக்கு மேல் கடந்துபோயிருக்கும்.

லினக்ஸ் கர்னலின் வழக்கமான பாதையில் இந்த 14.88 கோடியை எட்டவே முடியாது. எட்ட வேண்டும் என்று நான் கேட்பதுமில்லை. எட்ட முடியாதபோது டிரைவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓரளவு பாக்கெட்டுகளை விட்டுவிட்டு மீதியை ஒழுங்காகக் கொடுக்கிறதா, அல்லது கோர்கள் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, லாகின் கூடச் செய்ய முடியாமல் சர்வரே திணறுகிறதா? டிஎன்எஸ் சர்வருக்கும், குரல் அழைப்புகளைச் சுமக்கும் சர்வருக்கும், தாக்குதலுக்கு உள்ளாகும் எந்தச் சர்வருக்கும் வாழ்க்கையே சின்னப் பாக்கெட்டுதான். நெட்வொர்க் சாதனங்களை அளக்கும் முறையைச் சொல்லும், 1999இல் வந்த ஆர்எஃப்சி 2544 ஆவணமே 64இல் தொடங்கி 1518 வரை ஏழு அளவுகளில் அளக்கச் சொல்கிறது. பலரும் கடைசி அளவை மட்டும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நானும் போனேன்.

கருவியின் குணத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐபெர்ஃப்3 கருவி 2023 இறுதியில் வந்த 3.16 பதிப்புக்கு முன்பு வரை, எத்தனை இணைப்புகள் கேட்டாலும் ஒரே இழையில்தான் ஓட்டியது. ஒரு கோர் களைத்துப் போனதை "கார்டு மெதுவாக இருக்கிறது" என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன்.

டிரைவர் மேல் வரும் புகார்களில் கணிசமானவை டிரைவரைப் பற்றியவையே அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்டைச் செருகிய இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கப் பதினாறு தட நீளமுள்ள பிசிஐ செருகுவாய், உள்ளே மின்தொடர்பு எட்டுத் தடங்களுக்குத்தான் என்று பல மதர்போர்டுகளில் இருக்கும். மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எட்டுத் தடத்தின் மொத்தக் கொள்ளளவே வினாடிக்கு 63 ஜிகாபிட். கழிவுகள் போக ஐம்பதுகளில் நின்றுவிடும். 100 ஜிகாபிட் கார்டை அதில் செருகிவிட்டு டிரைவர் அளவுருக்களை இரண்டு வாரம் திருகிக்கொண்டிருந்த ஒரு குழுவை நான் அறிவேன். பிசிஐ விவரத்தைப் பட்டியலிடும் கட்டளையை ஒருமுறை அடித்தால், இணைப்பு தாழ்த்தப்பட்டிருக்கிறது என்று அதுவே சொல்லும். அடுத்தது, இரண்டு பிராசசர் உள்ள சர்வரில் கார்டு ஒன்றின் பக்கம் தொங்கும். பாக்கெட் வந்ததைச் சொல்லும் இன்டரப்டுகள் மற்றொன்றின் கோர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டும் பாலம் கடந்து போய்வரும். ஒரே சர்வரில் திங்கள் கிழமை ஓர் எண்ணும் செவ்வாய்க் கிழமை ஓர் எண்ணும் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பாக்கெட் தொலைந்தால் அது எங்கே தொலைந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். கார்டுக்குள்ளேயே இடமில்லாமல் விழுந்ததா, பாக்கெட் வந்து இறங்கும் மெமரி இடங்களின் சுழல் வரிசையான ரிங்கில் டிரைவர் பஃபரை நிரப்பி வைக்காததால் விழுந்ததா, கர்னலின் பின்வரிசையில் விழுந்ததா, பயன்பாடு எடுக்கத் தாமதித்து சாக்கெட்டில் விழுந்ததா? நான்குக்கும் தனித்தனி எண்ணிகள் இருக்கின்றன. சோதனைக்கு முன்னும் பின்னும் எல்லாவற்றையும் கோப்பில் எடுத்துவைத்துக் கழித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல், இழப்பு என்றதும் ரிங்கின் அளவை உச்சத்துக்கு ஏற்றுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ரிங்குக்கு 4096 இடங்கள், இடத்துக்கு இரண்டு கிலோபைட், பதினாறு வரிசைகள் என்று கணக்குப் போடுங்கள். 128 மெகாபைட் ஆகிறது. பெரும்பாலான பிராசசர்களின் கேஷில் அது அடங்காது. இழப்பு குறையும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மெமரிக்குப் போய்வரும் தாமதம் கூடும். பிறகு தாமதத்தைப் பற்றித் தனியாக ஒரு புகார் வரும்.

அந்த ஏழு சர்வர்களுக்கு வருகிறேன்.

லேபில் அதே கார்டு, அதே கர்னல், அதே ஸ்விட்ச் மாதிரியை வைத்து முழுப் போக்குவரத்தையும் ஓடவிட்டு, ஸ்விட்ச் பக்கத்திலிருந்து போர்ட்டை ஏழு வினாடிக்கு ஒருமுறை அணைத்து எழுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். முதல் நாள் முழுவதும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் மாலை ஸ்கிரிப்டின் எண் பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தபோது அதே பச்சை விளக்கு, அதே மௌனம். இணைப்பு விழும் கணத்தில் டிரைவர் அனுப்பு வரிசைகளைத் துடைக்கிறது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றொரு கோரில் வாட்ச்டாக் விழித்து, தன் பங்குக்கு மீட்டமைப்பைத் தொடங்குகிறது. இருவரில் யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்த நிரலில் ஓர் ஓட்டை. அதை அடைத்த திருத்தம் நான்கு வரிதான்.

அமைதியாக ஓடும் கார்டு எத்தனை மணி நேரம் ஓடினாலும் இந்த ஓட்டை தெரிந்திருக்காது. ஆகவே இப்போது என் சோதனையில் பாதிக்கு மேல் தொந்தரவு கொடுக்கும் வேலைதான். போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போதே ரிங்கின் அளவை மாற்றுவேன். வரிசைகளின் எண்ணிக்கையைப் பதினாறிலிருந்து ஒன்றாக்கி மறுபடி பதினாறாக்குவேன். பாக்கெட் அளவை 1500க்கும் 9000க்கும் இடையே தாவவிடுவேன். கையால் ஒருமுறை செய்வதில் பயனில்லை, ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். மெமரியை வேறொரு நிரலால் விழுங்கவைத்துவிட்டு, டிரைவர் பஃபர் கேட்டுக் கிடைக்காதபோது என்ன செய்கிறது என்று பார்ப்பேன். நல்ல டிரைவர் பொறுத்திருந்து மறுபடி கேட்கும். சில டிரைவர்கள் ஒருமுறை ஏமாந்ததும் அந்த வரிசையை மறந்தே போய்விடும். மெமரி திரும்பிய பின்னும் அந்த வரிசையில் பாக்கெட் வராது. பதினாறில் ஒன்று மட்டும் செத்திருப்பதால் பதினாறில் ஒரு பங்கு இணைப்புகள் மட்டும் மர்மமாக நின்றுபோகும். கண்டுபிடிக்கவே வெறுப்பாக இருக்கும் பிழை இது.

டிரைவரைக் கர்னலிலிருந்து கழற்றி மாட்டும் சோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். போக்குவரத்தின் நடுவே கழற்று, மாட்டு, இணைப்பு எழும்வரை காத்திரு, மறுபடி கழற்று, ஐந்நூறு முறை. நடுவில் ஓரிடத்தில் திரையில் பத்து வினாடிக்கு ஒருமுறை ஒரே வரி வரத் தொடங்கும்: இந்த இடைமுகம் விடுபடக் காத்திருக்கிறேன், பயன்பாட்டு எண்ணிக்கை 1. யாரோ ஒருவர் கைப்பிடியை விடவில்லை. அந்த 1 ஒருபோதும் 0 ஆகாது. சர்வரை மறுதொடக்கம் செய்வதைத் தவிர வழியில்லை. இன்னொரு வகைக் கசிவு சத்தமே போடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கர்னல் மெமரி சில கிலோபைட் ஏறும். ஐம்பது சுற்றில் கண்ணுக்குத் தெரியாது; ஐந்நூறில் வரைபடத்தில் படிக்கட்டாக நிற்கும்.

மெமரிப் பிழைகளையும் பூட்டுப் பிழைகளையும் பிடிக்கும் வசதிகளை இயக்கிய கர்னலில் இதையெல்லாம் ஒருமுறை ஓட்டியே ஆக வேண்டும். அதில் வேகம் பாதியாகிவிடும் என்று பலர் தவிர்க்கிறார்கள். அந்த ஓட்டத்தில் வேகத்தை யார் கேட்டார்கள்?

2008இல் 2.6.27 கர்னல் உருவாகிக்கொண்டிருந்த மாதங்களில், இன்டெலின் இ1000இ டிரைவரைப் பயன்படுத்திய கணினிகளில் கார்டின் நிலைநினைவே அழிந்து, கார்டுகள் செங்கல்லாகிப் போயின. எல்லா விரல்களும் டிரைவரை நோக்கியே நீண்டன. தோண்டிப் பார்த்தபோது, எஃப்டிரேஸ் என்ற தடமறியும் வசதி, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவிடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அதே முகவரியில் இப்போது கார்டின் நிலைநினைவு குடியேறியிருந்தது. டிரைவரைத் தனியாக வைத்து எவ்வளவு சோதித்திருந்தாலும் இது அகப்பட்டிருக்காது. நீங்கள் எந்தக் கர்னலோடு, எந்த வசதிகளோடு ஓட்டப்போகிறீர்களோ அதோடுதான் சோதிக்க வேண்டும்.

2013இல் வெளியான மற்றொரு நிகழ்ச்சி இன்னும் வினோதம். இன்டெல் 82574எல் சிப் கொண்ட சில கணினிகளில், பாக்கெட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட பைட் வந்தால் கார்டு அப்படியே நின்றுவிடும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்தால்தான் உயிர் வரும். கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர் குரல் அழைப்புப் பாக்கெட்டுகளைத் துருவி இதைக் கண்டுபிடித்தார். ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் கார்டின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் நினைவான இஇபிராமில் தவறாகப் பதித்திருந்ததே காரணம் என்று இன்டெல் விளக்கியது. நம் பாக்கெட் உற்பத்திக் கருவிகள் உள்ளே என்ன நிரப்புகின்றன? பெரும்பாலும் வெறும் பூச்சியம். அதைப் படித்த பிறகுதான் என் சோதனைகளில் உள்ளடக்கத்தைத் தாறுமாறாக மாற்றத் தொடங்கினேன்.

உங்கள் சர்வரோடு முடியாத ஆபத்து ஒன்றும் உண்டு. ஈதர்நெட்டில் "கொஞ்சம் நிறுத்து" என்று எதிர்முனைக்குச் சொல்லும் பாஸ் சட்டகம் இருக்கிறது. கர்னல் உறைந்துபோனால் பஃபரை எடுப்பார் இல்லை. கார்டு மட்டும் உயிரோடு இருந்து "நிறுத்து, நிறுத்து" என்று ஸ்விட்சை நோக்கிக் கத்திக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் தனக்குப் பின்னால் இருப்பவர்களை நிறுத்தச் சொல்லும். பழுதான ஒரே கார்டு இப்படி ஒரு வலையமைப்பையே முடக்கக்கூடும் என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2016 சிக்காம் மாநாட்டுக் கட்டுரையில் விவரித்திருக்கிறார்கள். லேபில் போக்குவரத்தை ஓடவிட்டு, கர்னலை வேண்டுமென்றே விழவைத்து, ஸ்விட்சின் பாஸ் எண்ணியைப் பாருங்கள். விடாமல் ஏறிக்கொண்டே போனால் விற்பனையாளரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று கேட்பார்கள். நான் எழுபத்திரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன். அதில் மந்திரம் எதுவும் இல்லை; வெள்ளி மாலை தொடங்கினால் திங்கள் மாலை முடியும், அவ்வளவுதான். சில பிழைகளுக்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். பைட்டுகளை 32 பிட் எண்ணியில் எண்ணும் கார்டில், முழு வேகத்தில் அது நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்ப அரை வினாடி கூட ஆகாது. லினக்ஸ் கர்னலின் ஜிஃபீஸ் என்ற நேர எண்ணியை, கணினி எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் 32 பிட் எல்லையைத் தாண்டும்படி வேண்டுமென்றே தொடங்கிவைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அந்த வகைப் பிழைகள் வாரக்கணக்கில் ஓடிய பிறகு, வாடிக்கையாளர் வீட்டில்தான் வெளிப்படும். அதை எழுதியவர்களுக்கு என்றாவது ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

டிரைவரை மாற்றப்போகிறவர்களுக்கு இன்னொன்று. நெட்வொர்க் கார்டு செத்தால் அதன் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்ய முடியாது. பழைய டிரைவர் தொகுப்பு சர்வரின் வட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தனி மேலாண்மைப் போர்ட் வழியாக ஒருமுறை உண்மையிலேயே நுழைந்து பாருங்கள். அன்று காலை அந்த ஏழில் ஐந்தை அப்படித்தான் மீட்டோம். மீதி இரண்டின் மேலாண்மைக் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. ஒருவர் ஆட்டோ பிடித்து டேட்டா சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை.