அப்டேட்டுக்கும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள்

பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேப்களைப் பராமரிப்பது என் வேலை. நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில்தான் அழைப்புகள் குவியும். “எல்லா கம்ப்யூட்டரும் ஒரேயடியாக ஸ்லோவாகிவிட்டன, வைரஸா என்று வந்து பாருங்கள்” என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வைரஸ் இருக்காது. வாரக்கணக்கில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து, தேங்கிப்போன அப்டேட்டுகளை ஒரே இணைய இணைப்பில் இழுத்துக்கொண்டிருக்கும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வகுப்பு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆசிரியர் அப்டேட்டை நிறுத்தி வைக்கச் சொல்வார், இல்லையென்றால் பாதியிலேயே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்குக் கொடுத்திருப்பது பாடம் நடத்துவதற்கான நேரம். ஆனால் அன்று நிறுத்திய அப்டேட்டை மறுபடி ஓட விடுவதற்கு யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த வருடமும் அது அப்படியே நிற்கும்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2017-இல் நடந்ததைத்தான். அந்த ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவும் திறன் அதற்கு இருந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. அந்த அப்டேட் ஏறாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. ஒரே நெட்வொர்க்கில், பெரும்பாலும் ஒரே அட்மின் பாஸ்வேர்டோடு ஓடும் ஒரு பள்ளி லேபுக்குள் அப்படி ஒன்று நுழைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் நான் போகும் பள்ளிகளில் எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: கால அட்டவணையில் அப்டேட்டுக்கென்று ஒரு நேரம் எழுதி வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், கடைசி வகுப்பு முடிந்த பிறகு. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அந்த வாரம் மட்டும் தவறவே கூடாது. விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஒருவர் வந்து எல்லாவற்றையும் ஆன் செய்து விட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டை அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவை பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதை ஆன் செய்தால் இணைப்பின் சுமை நன்றாகக் குறையும்.

சில லேப்களில், ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கே திரும்பும்படி கம்ப்யூட்டரை உறைய வைத்திருப்பார்கள். மாணவர்கள் எதை மாற்றினாலும் மறுநாள் இருக்காது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்டேட்டும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும்! உறைவை நீக்கி, அப்டேட் செய்து, மறுபடி உறைய வைக்க வேண்டும்.

அப்புறம், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள் தருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும் என்பதால் பல லேப் கம்ப்யூட்டர்கள் அதற்கு மாற முடியாது. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், பிள்ளைகள் புரோகிராமிங் படிக்கும் பைத்தானும் ஸ்கிராட்ச்சும் நன்றாகவே ஓடும். இலவசம் என்று, உரிமம் வாங்காமலே விண்டோஸை ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் மட்டும் தேடிப் போகாதீர்கள். ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எந்த மென்பொருளும் பள்ளிக்குள் வரக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மாணவர் விவரங்கள் இருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டரும் லேபும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம். பிள்ளைகளின் முகவரியும் பெற்றோரின் போன் எண்ணும் வெளியே போய்விட்டால் எந்த அப்டேட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஒரு பள்ளியில் லேப் கதவருகே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டோம். தேதி, கம்ப்யூட்டர் எண், அப்டேட் ஆனதா, ஆகவில்லையென்றால் திரையில் என்ன வந்தது, அவ்வளவுதான். நான் அடுத்த முறை போனபோது 17-ஆம் எண்ணுக்கு நேராக மூன்று வாரமாக ‘ஆகவில்லை’ என்றும், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றும் எழுதியிருந்தது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது, அப்டேட்டும் ஏறாது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தேன். அன்று மாலையே அப்டேட் ஏற ஆரம்பித்தது.