பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, கூடப் போக ஆள் வேண்டும்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் வட்டாரங்களிலும் 18 ஆண்டுகளாக முதியோருக்கான களப்பணி செய்துவருகிறேன். இத்தனை காலத்தில் என்னிடம் வந்த பராமரிப்புப் புகார்களில் மிகச் சிலவே பாதிக்கப்பட்டவரின் வாயிலிருந்து நேரடியாக வந்தவை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்வார்; ரேஷன் கடையில் எடை போடுகிறவர் சொல்வார்; ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர், "அக்கா, அந்த வீட்டுப் பாட்டி போன மாச மாத்திரையவே இன்னும் பிரிக்கல, என்னன்னு பாருங்க" என்று போனில் சொல்வார். நேரில் போய்க் கேட்டால் முதியவரிடமிருந்து முதலில் கிடைக்கும் பதில், "எனக்கென்ன கொறை, எம் மகன் நல்லாத்தேன் வச்சிருக்கான்" என்பதாகத்தான் இருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குள் யார் காதிலாவது விழுந்ததா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல் அப்பத்தா என்றே குறிப்பிடுகிறேன். வயது 74. கணவர் இறந்த மறு வருடமே தம் பெயரில் இருந்த வீட்டையும் மானாவாரி நிலத்தையும் ஒரே மகனுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டார். நான் போனபோது மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தகரம் போட்டு இறக்கிய ஒரு சாய்ப்பில் இருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த மஞ்சப்பையை எடுத்து மடியில் கவிழ்த்தார். ஆதார் அட்டை, கணவரின் இறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பாதி தீர்ந்த சர்க்கரை மாத்திரை அட்டை, மடிப்பு மடிப்பாக நைந்துபோன செட்டில்மெண்ட் பத்திரத்தின் ஜெராக்ஸ் ஆகியவை அதில் இருந்தன. காலையில் ஒரு தூக்குவாளியில் சோறு வரும், அதையே இரவுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். சாய்ப்புக்கு மின் இணைப்பு இல்லை. "ராத்திரி எந்திரிச்சா கொட்டகைக் கட்டுத்தறி தடுக்கி விழுகுறேன் தாயி" என்றார்.

அன்று நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அந்தச் சாய்ப்பைப் பார்த்த கோபத்தில், பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும், வீட்டை மீட்டுத் தர வேண்டும், சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையை மாதந்தோறும் வாங்கித் தர வேண்டும் என்று நானே மனு எழுதிக் கைநாட்டு வாங்கி, பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் சமர்ப்பித்தேன். விசாரணை நாளன்று அப்பத்தா வரவில்லை. மறுநாள் ஊருக்குப் போனபோது கோபமாகவே பேசினார். "எம் மகனக் கூண்டுல ஏத்தவா ஒங்கிட்டச் சொன்னேன்? எனக்கு ஒரு லைட்டு வேணும், ராத்திரிக்குச் சுடுசோறு வேணும், செத்தா அந்த வீட்டு வாசல்ல இருந்து தூக்கணும். அம்புட்டுத்தேன்." அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலேயே, எனக்கு நியாயம் என்று பட்டதை அவர் பெயரில் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு எந்த முதியவருக்கும் முதல் சந்திப்பிலேயே நான் மனு எழுதுவதில்லை. இரண்டு மூன்று முறை போய், அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டு, வாசித்துக் காட்டி, "இதுதானா நீங்கள் கேட்பது" என்று உறுதி செய்த பிறகே மனுவாக்குகிறேன்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009-இல் வந்தன. 60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள். பெற்றோர் என்ற முறையில் கேட்பவருக்கு 60 ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரில் வயது வந்தவர்கள் அனைவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. பிள்ளை இல்லாதவராக இருந்தால், அவருடைய சொத்தை அனுபவித்து வருகிற அல்லது பின்னால் அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் செயல்படுகிறது. மதுரை மாவட்டத்தில் மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என 4 கோட்டங்கள் உள்ளன. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், சென்னையில் இருக்கிறான் என்று தயங்க வேண்டியதில்லை; முதியவர் வசிக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். எதிர்த்தரப்பிடம் அறிவிப்பு சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாட்கள் நீட்டிக்கலாம் என்பது சட்டம். அதுவரை இடைக்காலத் தொகை கேட்கவும் வழி உண்டு. மாதத் தொகைக்கான உச்ச வரம்பு 10,000 ரூபாய். தீர்ப்பாயத்தின் உத்தரவில் குறை இருந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பலரும் கவனிக்காத ஒரு வரி இந்தச் சட்டத்தில் இருக்கிறது. முதியவரால் தாமாக வந்து மனுக் கொடுக்க இயலாவிட்டால், அவர் அதிகாரம் அளிக்கும் எந்த நபரும் அமைப்பும் அவர் சார்பில் மனுக் கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர், மகளிர் குழுத் தோழி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என யாராக இருந்தாலும் முதியவரின் சம்மதம் இருந்தால் போதும். "நாங்க யாரு, ஊரான் வீட்டு விவகாரத்துல தலையிட" என்று ஒதுங்கிப்போகும் நல்ல மனிதர்களிடம் இந்த வரியைத்தான் முதலில் சொல்கிறேன்.

பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் வீடுகளில் வேறு விதமான துன்பம் உண்டு. இங்கே மாத முறை வைத்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். நல்ல மனதோடு செய்தால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 31 நாள் உள்ள மாதத்தில் கடைசி நாள் சோறு யார் வீட்டுப் பொறுப்பு என்று வாக்குவாதம் நடந்து, அன்று முழுவதும் இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவை மூத்தவனும் அம்மாவை இளையவனுமாகப் பிரித்துக்கொண்டு, 50 வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களை இரண்டு ஊரில் வைப்பதும் நடக்கிறது. மனுவில் ஒரு பிள்ளையை மட்டும் எதிர்த்தரப்பாகக் காட்டினாலும் அவர் மற்றவர்களையும் சேர்க்கக் கோரலாம் என்பதால், தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துவிடுவது நல்லது. இருவரும் ஒரே இடத்தில் இருக்க விரும்பினால் அதையும் கோரிக்கையாகவே எழுத வேண்டும்.

செட்டில்மெண்ட் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பார்க்கும் துயரங்களில் பலவற்றுக்கு விதை சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் விழுகிறது. உயில் என்பது எழுதியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியில்லை. பதிவாகி ஏற்றுக்கொள்ளப்பட்டதும் சொத்து கைமாறிவிடும், மனம் மாறினால் தாமாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. இந்த வித்தியாசம் கையெழுத்துப் போடும் முதியவர்களில் பலருக்குச் சொல்லப்படுவதேயில்லை. "எல்லாம் உயில் மாதிரித்தான் அப்பத்தா" என்று சொல்லி அழைத்துப் போனதாக என்னிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கூறியிருக்கிறார்கள்.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகக் கருதப்பட்டு, முதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என அறிவிக்கலாம். சிக்கல் "நிபந்தனையோடு" என்ற சொல்லில் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்ததாக நிறுவாமல் 23-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரின் நன்மைக்காக வந்த சட்டம், அந்த நோக்கத்துக்கு ஏற்பத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் கொடுத்த செட்டில்மெண்டில் பராமரிப்பு நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும் அது உள்ளடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்றது. ஆகவே பழைய பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்பதற்காக யாரும் மனம் தளர்ந்துவிட வேண்டாம்.

ஆனால் இனி எழுதப்போகிறவர்கள் நீதிமன்றத்தின் விளக்கத்தை நம்பியிருக்கக் கூடாது. பத்திர எழுத்தரிடம் இரண்டு வாசகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைக் கடைசிவரை கவனிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்பது. மற்றொன்று, தம் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது. நிபந்தனை போட்டால் பிள்ளை மனம் நோகும் என்கிறவர்களுக்கு என் பதில், மனம் நோகாத பிள்ளைக்கே அந்தச் சொத்தைக் கொடுங்கள் என்பதுதான். அவசரமே இல்லையென்றால் உயில் போதும்.

கூடப் போகிறவர் செய்ய வேண்டிய வேலை மனுக் கொடுத்த பிறகுதான் கூடுகிறது. விசாரணைக்குக் காலை 11 மணிக்கு அழைத்திருந்தால் கிராமத்திலிருந்து 8 மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். சர்க்கரை மாத்திரை போட்டவர் பசி தாங்க மாட்டார் என்பதால் டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி இருக்க வேண்டும். கழிப்பறை எங்கே, மாடிப்படி ஏறாமல் விசாரிக்கக் கேட்க முடியுமா என்பதை முந்தின நாளே போய்ப் பார்த்துவிட வேண்டும். எந்தக் காது கேட்கும் என்பதை அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது, கேள்வி முதியவரைப் பார்த்துக் கேட்கப்பட்டால் நாம் பதில் சொல்லாமல் இருப்பது. அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தை அவருக்கு விட்டுவிட வேண்டும்.

வராந்தாவில் மகனும் நிற்பான். "வாம்மா, வீட்டுக்குப் போவம், எல்லாம் பேசிக்கிருவம்" என்று அவன் கையைப் பிடித்ததும் அதுவரை இருந்த உறுதி கரைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைத் தடுப்பது என் வேலை இல்லை. சேர்ந்து வாழ்வதே அவர்களில் பலரின் ஆசை. சட்டமும் விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்ப இடம் தருகிறது. பேசி முடித்ததை எழுத்தில் கொண்டுவருவதே என் வேலை. வாய்வார்த்தையாக முடிந்த ஊர்ப் பஞ்சாயத்துகளில் மூன்றாம் மாதமே எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால், எவ்வளவு தொகை, எந்தத் தேதி, எந்த வங்கிக் கணக்கு, எந்த அறை என்று ஒவ்வொன்றும் சமரசத் தாளில் இருக்க வேண்டும். ரேகை வைக்கும் முன் அதை முழுவதும் வாசித்துக் காட்டி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் உதவி தேவைப்படும் இடங்களில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. அதற்கான எண் 15100. முதியோர் உதவி எண் 14567. முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் பெறுகிறவர்களில் சிலருக்கு வயதானதால் விரல் ரேகை தேய்ந்து, கருவியில் பதியாமல் பணம் நின்றுபோகிறது. இதற்கு மனுவே தேவையில்லை. வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் ஒருவர் கூடப் போய்வந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்பத்தாவின் திருத்திய மனு சமரசத்தில் முடிந்தது. முன் அறையில் கட்டில், ஒரு விளக்கு, இரவுச் சாப்பாடு, மருந்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்று மகன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார், அதன்படியே உத்தரவும் வந்தது. உத்தரவுப்படி தொகை வராவிட்டால் வசூலிக்கக் கேட்கலாம். தொடர்ந்து கொடுக்கத் தவறினால் ஒரு மாதம்வரை சிறை என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் தொகை வரவேண்டிய நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெண் அப்பத்தாவின் பாஸ்புக்கை வங்கியில் பதிவு போட்டு வாங்கி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார். விளக்கு எரிகிறது, சோறும் வருகிறது. கடந்த இரண்டு மாதத் தொகை மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "அவனுக்குக் காடு வெளையல தாயி, இன்னொரு மாசம் பாப்பம்" என்றார். மூன்றாவது மாதம் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டிய மனுவை எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்; அது இப்போது அவருடைய மஞ்சப்பையில், பத்திர ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.