காலை எட்டரைக்குக் கூடுதல் காசு ஏன்?

சிங்கப்பூரில் மின்னியல் சாலைக் கட்டணம் 1998இல் வந்தது. சாலைக்குக் குறுக்காக மேலே ஓர் இரும்புச் சட்டம். கார் அதன் கீழே ஓடும்போதே உள்ளேயிருந்த சின்னக் கருவி 'பீப்' என்று கத்தும், அட்டையிலிருந்து காசு கழிந்துவிடும். கட்டணம் மட்டும் அரை மணிக்கு அரை மணி மாறும். ஓட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? விலை இறங்கப்போகிறது என்றால் அந்த இரும்புச் சட்டத்துக்கு முன்னால் ஊர்ந்தார்கள், ஏறப்போகிறது என்றால் விரட்டினார்கள். 2003இல் இரண்டு கட்டணங்களுக்கு நடுவே ஐந்து நிமிஷத்துக்கு ஓர் இடைக்கட்டணம் வைத்துத்தான் அந்த விலைத் தாவலைக் குறைத்தார்கள்.

இத்தனை பாடு எதற்கு? ஒரு பாலத்தை நிமிஷத்துக்கு 30 கார்தான் கடக்க முடியும், 33 கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றுதானே அதிகம்! ஒரு மணி நேரத்தில் 180 கார் வரிசையில் நிற்கும். கடைசியில் வந்தவருக்கு ஆறு நிமிஷம் போச்சு. அந்த மூன்று பேர் மட்டும் வேறு நேரத்தில் வந்தாலோ பஸ் ஏறினாலோ வரிசையே கிடையாது. பத்தில் ஒருவரைக்கூடத் தடுக்க வேண்டியதில்லை. தான் காத்திருப்பது அவரவருக்குத் தெரியும். பின்னால் நிற்பவர்களைக் காக்கவைப்பது யார் கணக்கிலும் ஏறாது. பொருளியலாளர் வில்லியம் விக்ரி அதற்குத்தான் விலை போடச் சொன்னார். 1996இல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாளே மனிதர் இறந்துபோனார். அவர் பாடம் நடத்திய நியூயார்க் இந்தக் கட்டணத்தைத் தொடங்கியது 2025 ஜனவரியில்.

சரி, பணக்காரருக்கு மட்டும் காலிச் சாலையா? நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் விலையை நிர்ணயித்தது வண்டிகளின் வேகம். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 என்பது இலக்கு. அதற்குமேல் வேகம் கூடினால் கட்டணத்தை இறக்க வேண்டும், கஜானாவுக்கு நஷ்டமானாலும். எனக்குப் பிடித்த விதி இது. அப்புறம், அடைக்கும் இடத்துக்கு ஏற்ற காசு: மோட்டார் சைக்கிளுக்குக் காரில் பாதி, பெரிய லாரிக்கு இரண்டு மடங்கு.

ஆனால் வேகத்தை அளக்கும் கருவிக்கு ஓட்டுபவரின் சம்பளம் தெரியாது. நியூயார்க்கில், குறைந்த வருமானக்காரர் பதிவு செய்துகொண்டால் பாதிக் கட்டணம்தான், அதுவும் மாதத்தின் முதல் பத்துப் பயணம் முடிந்த பிறகு. அந்தப் பத்துக்கு மட்டும் ஏன் முழுக்காசு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.