சீரியல் லைட்டைக் கழற்றும்போது என்ன நடக்கிறது?

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் முடிந்ததும் அலங்காரத்தைக் கழற்றுகிற வேலை யாருக்கும் பிடித்ததில்லை. அவசரமாக இழுத்து, சுருட்டி, பெட்டியில் திணித்து மூடிவிடுகிறோம். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒரு சரத்தில் பாதி எரிவதில்லை. மற்றொன்று அவிழ்க்க முடியாத சிக்கலாகக் கிடக்கிறது. சும்மா கிடந்த பொருள் எப்படிக் கெட்டது என்று குழம்ப வேண்டியதில்லை. பெரும்பாலும் கோளாறு கழற்றிய அன்றைக்கே உள்ளே போய்விட்டது.

அதனால் முதல் வேலை கழற்றுவது அல்ல, எரியவிட்டுப் பார்ப்பது. சரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்தப் பல்பு எரியவில்லை, எது மங்கல் என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு துண்டு நூலைக் கட்டிவிட்டு, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். கழற்றிய பிறகு தரையில் குவியலாகக் கிடக்கும் சரத்தில் இதே பல்பைத் தேடுவது பெரும்பாடு.

எரியாத பல்பை இப்போதே மாற்றுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இழை உள்ள பழைய மினி பல்புச் சரத்தை எடுத்துக்கொள்வோம். 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் 50 பல்புகள் தொடரிணைப்பில் இருக்கும். ஆளுக்குச் சுமார் 2.4 வோல்ட் கிடைக்கும். 100 பல்புச் சரம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு சுற்றுகள்தான். சரத்தில் சரிபாதி மட்டும் அணைந்து கிடப்பது இதனால்தான். 230 வோல்ட் நாடுகளில் ஒரு சுற்றில் கூடுதல் பல்புகள் இருக்கும், அல்லது ஓர் அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

தொடரிணைப்பில் ஒரு பல்பு போனால் எல்லாம் போக வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் இந்தச் சரங்களில் ஒன்று அணைந்தும் மற்றவை எரிகின்றன. அதற்குக் காரணம் ஷன்ட் எனப்படும் மெல்லிய கம்பி. பல்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், இழைக்குக் கீழே இரண்டு தாங்கு கம்பிகளையும் சுற்றி அது தெரியும். அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு பூச்சு உண்டு. இழை நன்றாக இருக்கும்வரை அங்கே இருப்பது 2.4 வோல்ட்தான், பூச்சு தாங்கிக்கொள்ளும். இழை அறுந்த கணத்தில் மின்னோட்டம் நிற்கிறது. மற்ற 49 பல்புகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளாததால் முழு 120 வோல்ட்டும் அறுந்த பல்பின் மேலேயே வந்து விழுகிறது. பூச்சு உடைகிறது, ஷன்ட் வழியாகச் சுற்று மீண்டும் இணைகிறது.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இறந்த பல்பின் பங்கு வோல்ட் மற்றவற்றுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. 50-ல் 5 பல்பு போனால் மீதி 45-க்கும் மின்னழுத்தம் சுமார் 11 சதவீதம் கூடுகிறது. இழை பல்பின் ஆயுள் மின்னழுத்தம் கூடக் கூட மிகச் செங்குத்தாக விழும். இந்த 11 சதவீதமே ஆயுளைச் சுமார் கால்பங்காக்கிவிடப் போதும். ஐந்து பல்பு போன சரத்தில் ஆறாவது, ஏழாவது பல்புகள் மளமளவென்று போவதற்குக் காரணம் இதுதான். ஒன்றிரண்டு போனதும் அதே வோல்ட் பல்பை மாற்றிவிட்டால் சரம் பல ஆண்டு வரும்.

கழற்றியபின் செருகிப் பார்க்கும்போது முழுச் சுற்றும் எரியாவிட்டால் ஷன்ட்டைக் குறை சொல்லாதீர்கள். இழுத்த இழுப்பில் ஏதோ ஒரு பல்பு ஹோல்டரிலிருந்து தளர்ந்திருக்கும். பல்பே தொடுமுனையைத் தொடவில்லை என்றால் ஷன்ட்டும் சுற்றில் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தளர்ந்ததாகத் தெரியும் பல்பை உருவி அடியைப் பாருங்கள்: முடிபோன்ற இரண்டு செம்புக் கம்பிகள் பிளாஸ்டிக் அடிப்பாகத்தின் இரு பக்கமும் மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். ஒன்று உள்ளே மடங்கிப் போயிருந்தாலோ, இரண்டும் ஒரே பக்கம் வந்திருந்தாலோ நிமிர்த்தி மீண்டும் செருகினால் போதும். பல்பைப் பிடுங்க வயரைப் பிடித்து இழுக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து இழுங்கள்.

எல்இடி சரம் கெடுவது வேறு விதம். எல்இடி விளக்குகள் சூடாகி இழை அறுவதில்லை. அவற்றின் எதிரி ஈரம். வெளியில் மாட்டியிருந்த சரத்தின் ஹோல்டருக்குள் மழையும் பனியும் இறங்கும். எல்இடி வழியாக மின்சாரம் ஒரே திசையில்தான் பாயும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் அது மின்னாற்பகுப்பைத் தூண்டி, நேர்முனைப் பக்கத்து உலோகத்தை மெல்ல மெல்லக் கரைக்கும். துரு பழுப்பாகவோ பச்சையாகவோ படியும், விளக்கு மங்கும், கடைசியில் கால் ஒடிந்துவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் உள்ளே தங்கிய ஈரம் துருப்பிடிக்க வைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வெளிச்சரங்களை நேராகப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். துணியால் துடைத்து, ஹோல்டரின் வாய் கீழே பார்க்கும்படி வீட்டுக்குள் ஒரு முழு நாள் தொங்கவிடுங்கள்.

குளிரில் சரத்தை இழுப்பதிலும் கவனம் தேவை. வயரின் மேலுறை பிவிசி. இயல்பில் விறைப்பான அந்தப் பிளாஸ்டிக்கை வளையச் செய்வது அதில் கலந்த மென்மையாக்கி எண்ணெய்கள். வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது பிவிசி விறைக்கிறது, வெயிலில் சில பருவம் கிடந்து பழுத்த உறையில் மடித்த இடத்தில் விரிசல் விழுகிறது. வெயில் ஏறிய நடுப்பகலில் கழற்றுங்கள். கழற்றியதும் மடிக்காமல், தளர்வாக வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் சுற்றுங்கள்.

சுற்றுவதிலும் அறிவியல் இருக்கிறது

கையையும் முழங்கையையும் சுற்றி வயரைச் சுருட்டுவது பலருடைய பழக்கம். அப்படிப் போடும் ஒவ்வொரு வட்டமும் வயருக்குள் ஒரு முழு முறுக்கை ஏற்றுகிறது. முப்பது வட்டம் போட்டால் முப்பது முறுக்கு. அடுத்த ஆண்டு இழுக்கும்போது அந்த முறுக்குகள் சின்னச் சின்ன கண்ணிகளாக மடிந்து, இறுகி, உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளை ஒடிக்கின்றன. எட்டு வடிவில் சுற்றினால் ஒரு பாதி ஏற்றிய முறுக்கை மறுபாதி இறக்கிவிடும். சுமார் 30 செ.மீ. நீள அட்டைத் துண்டின் இரு முனையிலும் ஒரு வெட்டு போட்டு, அதில் குறுக்கும் நெடுக்குமாக எட்டு வடிவில் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம், ஹோல்டர் அருகே வயரைக் கூர்மையாக மடிக்கவும் வேண்டாம்.

எந்த முனையிலிருந்து தொடங்குவது? பிளக் இல்லாத முனையிலிருந்து. பிளக் கடைசியில் வெளியே நிற்கும். அடுத்த ஆண்டு சரத்தை அவிழ்க்காமலே ஒரு நொடி செருகிச் சோதிக்கலாம். ஒரு நொடிதான், சுற்றியபடி இழை பல்புகளை எரியவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

சரம் பெட்டிக்குள் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வது பிரமை அல்ல. 2007-இல் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு உருட்டி, 3,415 முறை சோதித்துப் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. சுமார் 46 செ.மீ.க்கும் குறைவான நூலில் முடிச்சே விழவில்லை; நீளம் கூடும்போது வாய்ப்பு வேகமாக ஏறி ஒரு கட்டத்தில் நிலைபெற்றது. அவர்கள் தந்த விளக்கம்தான் நமக்கு உதவுவது: வட்டம் வட்டமாகக் கிடக்கும் நூலின் ஊடே தளர்ந்த முனை மேலும் கீழும் நுழைந்து பின்னிக்கொள்கிறது. முனை அசையாவிட்டால் முடிச்சு இல்லை. ஆகவே சுற்றி முடித்ததும் இரு முனைகளையும் அட்டையின் வெட்டுக்குள் செருகிவிடுங்கள். ஒரு பெட்டியில் இரண்டு சரம் வைத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள்.

பேட்டரியில் எரியும் பொம்மைகளையும் மெழுகுவத்தி விளக்குகளையும் பேட்டரியோடு வைக்கவே கூடாது. அல்கலைன் பேட்டரி முழுதும் தீர்ந்தபின் உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். அடைப்பு பிளந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். அது காற்றில் உள்ள கார்பன் டையாக்சைடோடு சேர்ந்து ஸ்பிரிங்கின் மேல் வெள்ளைப் பொருக்காக உறையும். அது காரப்பொருள் என்பதால் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரைத் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். பொத்தான் பேட்டரியாக இருந்தால் கழற்றிய கையோடு குழந்தைகள் எட்டாத இடத்துக்குப் போகட்டும். விழுங்கினால் உணவுக்குழாயை ஒரு சில மணி நேரத்தில் அரித்துவிடும்.

கண்ணாடிக் குமிழ்களை உலோக மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். மூடிக்குள் இருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும்தான். அலங்காரம் மாட்டச் சுவரில் ஒட்டிய, இழுத்தால் நீளும் பசைப் பட்டையை நம்மை நோக்கி இழுத்தால் பெயின்ட் பெயரும். சுவரையொட்டிக் கீழ்நோக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். பட்டை நீள நீள மெலிந்து, ஓரத்திலிருந்து தானாக விடுபடும். சுவர் குளிர்ந்திருந்தால் பசை விறைத்து நடுவில் அறுந்துவிடும்; முதலில் முடி உலர்த்தியால் லேசாகச் சூடேற்றுங்கள்.

வெட்டிய மரம்

உண்மையான கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தால் அதை நாள் கடத்தக் கூடாது. வெட்டிய அடிப்பாகம் காற்றுப் பட்டதும் பிசின் சுரந்து வாய் மூடிக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டி ஒருமுறை வற்றினாலே உறிஞ்சுவது பெரிதும் குறைந்துவிடும். பிறகு ஊசியிலைகள் காய்வதுதான் பாக்கி. இலைகள் மெலிதாகவும் எண்ணற்றவையாகவும் இருப்பதாலும், எளிதில் தீப்பற்றும் டெர்ப்பீன் எண்ணெய்கள் உள்ளே இருப்பதாலும் காய்ந்த மரம் ஒரு நிமிடத்துக்குள் முழுதாகத் தீப்பற்றிவிடும். கிளையைக் கையால் உருவினால் இலை பொலபொலவென்று கொட்டுகிறதா? அன்றைக்கே வெளியே போக வேண்டும். தொட்டித் தண்ணீரைக் கோப்பையால் மொண்டுவிட்டு, மரத்தைப் பழைய போர்வையில் சாய்த்து, அடிப்பாகத்தை முன்னே விட்டு வாசலைக் கடந்தால் கிளைகள் தண்டோடு மடிந்துகொள்ளும். கணப்பில் போட்டு எரிப்பது ஆபத்து: தீ திடீரென்று எழும், புகைபோக்கியில் ஏற்கெனவே படிந்திருக்கும் தார் போன்ற கரிப்படிவு பற்றிக்கொள்ளும்.

அலங்காரமெல்லாம் இறங்கி விடுமுறையும் முடிந்தபின் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுவது ஏன் இவ்வளவு சிரமம்? தாமதமாகத் தூங்கிய விடுமுறை இரவுகள் ஒரு காரணம். மற்றொன்று வானத்தில் இருக்கிறது. வடகோளத்தில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் மிகத் தாமதமான சூரிய உதயம் அன்றைக்கு அல்ல; 40° அட்சரேகையில் அது ஜனவரி முதல் வாரத்தில்தான். பூமியின் அச்சுச் சாய்வாலும், ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதாலும் அந்த நாள்களில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் தினமும் ஏறக்குறைய அரை நிமிடம் தள்ளிப் போகிறது. பகல் நீளத் தொடங்கினாலும் அந்தக் கூடுதல் வெளிச்சம் மாலைப் பக்கமே சேர்கிறது. விடுமுறை முடிந்து எழும் அந்த வாரம்தான் ஆண்டிலேயே மிக இருண்ட காலைகள்.

உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. தினமும் காலை வெளிச்சம் பட்டால்தான் அது முன்னுக்கு வரும். அறை விளக்கு சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும். மேகமூட்டமான குளிர்காலப் பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளிச்சம் வந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். இரவில் விளக்குகளைத் தணியுங்கள். எழும் நேரத்தை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னுக்கு இழுக்காமல் தினமும் 15 அல்லது 20 நிமிடம் நகர்த்தினால் ஒரு வாரத்தில் பழைய நேரம் பிடிபடும்.