பாதத்துக்குத் தினம் ஒரு போட்டோ

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் செக்கப்புக்கு வந்திருந்தார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை. "காலில் ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றார். பார்த்தால் வலது குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. செருப்பைத் திருப்பினேன். ஆணி ஒன்று அடியிலிருந்து உள்ளே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்!

பல வருடச் சர்க்கரை முதலில் பாத நரம்புகளைத்தான் மரக்கவைக்கும். அதனால்தான் நாங்கள் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறோம். தெரியாதவர்கள் கண்ணால்தான் காலைக் காப்பாற்றியாக வேண்டும். "தினமும் பாதத்தைப் பாருங்கள்" என்று நானும் வருடக்கணக்கில் சொன்னேன். தொப்பையும் முட்டிவலியும் வெள்ளெழுத்தும் சேர்ந்த மனிதர் எப்படிக் குனிந்து பார்ப்பார் என்று யோசித்ததில்லை.

இப்போது இப்படிச் சொல்கிறேன். நல்ல வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். போனைத் தரையில் மல்லாக்க வைத்து, செல்ஃபி கேமராவில் டைமர் போடுங்கள். பாதத்தை ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். அப்புறம் மற்றக் கால். படத்தை இரு விரலால் பெரிதாக்கி, நேற்றைய படத்தோடு ஒப்பிடுங்கள். விரலிடுக்கை மட்டும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். (நின்றுகொண்டு முயலாதீர்கள். போனையே மிதித்து உடைத்தவர் ஒருவர் உண்டு.)

கண்டக்டர் முதலில் இரவு 9 மணிக்கு அலாரம் வைத்தார். அது சீரியல் நேரம். கட்டைவிரல் தானாகவே போய் அணைத்துவிட்டது. அலாரத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, "சார்ஜர் சொருகுவதற்கு முன் படம்" என்று மாற்றினோம். போனுக்குச் சார்ஜ் போட யாரும் மறப்பதில்லை. ஏற்கெனவே ஓடும் வண்டியில் புதுப் பழக்கத்தை ஏற்றிவிடுவதுதான் எளிது.

பழக்கம் படிய 21 நாள் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 96 பேரைக் கவனித்த ஆய்வில் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று வந்தது. நடு அளவு 66. ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இத்தனை நாள் விடாமல் செய்தீர்கள் என்று கணக்குக் காட்டும் ஆப்கள் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். ஒருநாள் விட்டதும் எண் பூஜ்யமாகிறது, மனிதர் அதோடு கைவிட்டுவிடுகிறார்.

சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, கசிவு எது தெரிந்தாலும் அன்றோ மறுநாளோ நேரில் வாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். சூடும் வாடையும் படத்தில் தெரியாது. ஆணிக்காலை பிளேடால் சீவவும் வேண்டாம்.

போன வாரம் கண்டக்டர் பதறிக்கொண்டு வந்தார். இடது உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, நேற்றைய படத்தில் இல்லை என்றார். பஞ்சால் துடைத்தேன், வந்துவிட்டது. மதியம் அவர் தூங்கும்போது பேத்தி ஸ்கெட்ச் பேனாவால் வைத்த பொட்டு. கூசவே இல்லையாம்.