ஒரே கோப்பில் ஒரு செயலி: ஆப்இமேஜ் எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் எழுதிய லினக்ஸ் செயலி உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. அதை நண்பருக்கு அனுப்பினால், ‘இந்த லைப்ரரியைக் காணோம்’ என்று டெர்மினலில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. பொத்தான் வரைவது, படத்தை விரிப்பது, எழுத்துகளை அடுக்குவது எல்லாம் தனித்தனி லைப்ரரிகளின், அதாவது பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளின், வேலை. அவை உங்களிடம் இருக்கின்றன, அவரிடம் இல்லை.

ஒரு செயலியைத் தொடங்கியதும் நம் நிரலுக்கு முன்பே டைனமிக் லிங்க்கர் ஓடத் தொடங்குகிறது. எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்ற பட்டியல் செயலிக்குள் பதிந்திருக்கும். லிங்க்கர் அதைப் படித்து, ஒவ்வொன்றையும் தேடி நினைவகத்தில் ஏற்றும். செயலிக்குள் ‘ரன்பாத்’ என்ற குறிப்பு இருந்தால், கணினியின் பொது ஃபோல்டர்களுக்குப் போகுமுன் அது சொல்லும் இடத்தில் பார்க்கும். அந்தக் குறிப்பில் ‘ஒரிஜின்’ என்று எழுதினால், செயலி எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து தேடு என்று பொருள். பேட்ச்எல்ஃப் கருவி இருந்தால், மறுபடி கம்பைல் செய்யாமலே இதை மாற்றிவிடலாம்.

இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது ஆப்இமேஜ். சைமன் பீட்டர் 2004-இல் ‘கிளிக்’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சியின் இன்றைய வடிவம் அது. கோப்பின் முன்பகுதி ஒரு சின்ன நிரல்; பின்னால் ஒட்டியிருப்பது செயலியும் லைப்ரரிகளும் அடங்கிய, ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் சுருக்கிய ஒரு முழுக் கோப்பமைப்பு. கோப்பை இயக்கினால், முன்பகுதி பின்பகுதியை ஃபியூஸ் என்ற லினக்ஸ் வசதி மூலம் ஒரு தற்காலிக ஃபோல்டரில் மவுண்ட் செய்து, அதாவது சாதாரண ஃபோல்டர்போல் திறந்துவைத்து, உள்ளே இருக்கும், செயலியைத் தொடங்கிவைக்கும் ‘ஆப்ரன்’ கோப்பை ஓடவிடும். செயலியை மூடினால் மவுண்ட்டும் போய்விடும். எதையும் நிறுவ வேண்டாம், ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை.

சரி, உள்ளே எதையெல்லாம் வைப்பது? எல்டிடி என்ற கட்டளை, செயலிக்கு வேண்டிய லைப்ரரிகளின் பட்டியல் ஒன்றைத் தரும். ஆனால் அதை மட்டும் நம்பினால் கை சுடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலி தேடி ஏற்றும் ப்ளகின்கள் அதில் வராது. ஜன்னல், பொத்தான்களை வரைய உதவும் க்யூட்டியில் எழுதிய செயலிகளில் பலரும் பார்க்கும் ‘எக்ஸ்சிபி ப்ளகினை ஏற்ற முடியவில்லை’ என்ற பிழைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சேர்ப்பதைவிட எதை விடுவது என்பதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவரோடு வரும் ஓப்பன்ஜிஎல் லைப்ரரியைச் சேர்க்கக் கூடாது. என்விடியா டிரைவரில் அது லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள பகுதியின் பதிப்போடு அப்படியே பொருந்த வேண்டும். அப்புறம் ஜிலிப்சி, பெரும்பாலான லினக்ஸ் செயலிகள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி; அதையும் சேர்க்கக் கூடாது. லிங்க்கர் எங்கே இருக்கிறது என்பது செயலிக்குள் முழு முகவரியாக எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ‘ஒரிஜின்’ செல்லாது. ஆகவே ஓடப்போவது நண்பரின் கணினியில் உள்ள லிங்க்கர்தான், அதற்கு ஜோடியான ஜிலிப்சியும் அங்கேதான் இருக்கிறது. நாம் கொண்டுபோகும் வேறு பதிப்பு அதோடு ஒட்டாது.

ஜிலிப்சி பழைய செயலிகளைக் கைவிடாது. ஆனால் புதிய பதிப்பில் கம்பைல் செய்தது பழையதில் ஓடும் என்று உறுதி கிடையாது. 2021-இல் வந்த 2.34 பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்தார்கள்; பழைய ஜிலிப்சியில் அந்த எண் இருக்காது. அதனால், 2.34-ஐவிடப் புதிய ஜிலிப்சி உள்ள உபுண்டு 22.04-இல் வழக்கம்போல் கம்பைல் செய்த ஒரு வரி ‘வணக்கம்’ நிரல்கூட, ஜிலிப்சி 2.31 உள்ள உபுண்டு 20.04-இல் தொடங்காது. செயலி ஓடவேண்டிய கணினிகளிலேயே மிகப் பழையதில் கம்பைல் செய்யுங்கள் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

லைப்ரரியைக் கூடவே எடுத்துப் போவதற்கு ஒரு விலையும் உண்டு. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியில் ஆபத்தான ஓட்டை ஒன்று வெளிவந்தது. திட்டமிட்டுச் செதுக்கிய ஒரு படத்தாலேயே தாக்க முடியும். கணினியில் இருந்த பொதுப் பிரதியை ஒரு அப்டேட் சரிசெய்தது. ஆனால் வலைத் தொழில்நுட்பத்தில் எழுதப்படும் எலக்ட்ரான் செயலிகள் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் ஒரு குரோமியம் உலாவியையும் அதற்குள் லிப்வெப்பியையும் சுமந்துகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் தனித்தனியாகப் புதுப்பித்து வெளியிட வேண்டியிருந்தது.

இதற்கும் ஆப்இமேஜில் வழி இருக்கிறது. அப்டேட் எங்கே கிடைக்கும் என்பதைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்கலாம். அப்போது மாறிய துண்டுகளை மட்டும் இறக்கினால் போதும். அந்தத் தகவலைப் பதிக்காமல் வெளியிடும் செயலிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைச் சேர்க்கப் பெரிய வேலை ஒன்றும் இல்லை.