பிழை சொல்லாத கட்டளை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி: "லினக்ஸ் எப்படி இருக்கும்னு பார்க்கணும், ஆனா இருக்கிறது எதுவும் அழிஞ்சிடக் கூடாது. வழி இருக்கா?"

இருக்கிறது. உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை ஓடவிடும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டுவை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, அந்தப் போலிக் கணினிக்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி டிஸ்க்கும் ஒதுக்குங்கள். டிஸ்க்கை அழித்து நிறுவட்டுமா என்று உபுண்டு கேட்கும். தைரியமாகச் சரி சொல்லுங்கள். அது டிஸ்க் என்று நம்புவது உங்கள் ஃபோல்டரில் கிடக்கும் ஒரு கோப்பைத்தான்.

இந்த ஏமாற்று வேலை நடக்கும் விதம்தான் அழகு. கணினி மொத்தமும் தன் கையில் என்பதுதான் எந்த இயங்குதளத்துக்கும் நினைப்பு. அதை அதிகாரம் குறைந்த நிலையில் ஓடவிட்டால், மேல் அதிகாரம் கேட்கும் கட்டளை வந்ததும் பிராசசர் தடுத்து நிறுத்தும். உடனே ஹைப்பர்வைசர், அதாவது போலிக் கணினியை நடத்தும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், நுழைந்து, கேட்டதைப் போலி வன்பொருளில் செய்துகாட்டிவிட்டு விலகிக்கொள்ளும். ஐபிஎம் 1960-களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்துவிட்டது.

நம் மேசைக்கு வந்த எக்ஸ்86 பிராசசர்தான் ஒத்துழைக்கவில்லை. காரணம், பாப்எஃப் போன்ற சில கட்டளைகள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், இன்டரப்ட்களை, அதாவது ஓடும் வேலையை இடைமறிக்க வன்பொருள் அனுப்பும் குறிப்புகளை, அடைக்கவும் திறக்கவும் பாப்எஃப்பைப் பயன்படுத்தும். அதிகாரம் இல்லாத நிலையில் இயக்கினால் பிராசசர் தடுப்பதும் இல்லை, பிழை என்று சொல்வதும் இல்லை. இன்டரப்ட்களை அடைத்துத் திறக்கும் அந்த ஒரு பிட்டை மட்டும் மாற்றாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். உள்ளே ஓடும் இயங்குதளம் இன்டரப்ட்டை அடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும். ஹைப்பர்வைசருக்கோ தகவலே போகாது. 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்த மென்பொருள், கெர்னலின் கட்டளைகளை அவை ஓடுவதற்குச் சற்று முன்பு படித்து, இப்படிப்பட்டவற்றை மாற்றி எழுதி ஓடவிட்டது. என்ன துணிச்சல்! பிறகு 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் போலிக் கணினிகளை ஓட்டப் பிராசசரிலேயே வசதி செய்து கொடுத்தன. விர்ச்சுவல்பாக்ஸ் அடம்பிடித்தால், பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதையும் உடைத்துப் பார்க்கும் முன், போலிக் கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுங்கள். அதன்பின் டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் தனிக் கோப்பில் சேரும். அதைத் தூக்கி எறிந்தால் பழைய நிலை. இவ்வளவு வசதி இருந்தும் "எதையும் தொடாதே" என்று மாணவர்களை மிரட்டும் கம்ப்யூட்டர் லேப்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

போலிக் கணினிக்கும் உங்கள் கணினிக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டையே விழாது என்றும் இல்லை. உள்ளிருந்து வெளியே தப்ப வழிவிடும் வெனம் என்ற குறை 2015-இல் வெளிவந்தது. அது இருந்த இடம், கியூஇஎம்யூ என்ற இன்னொரு போலிக் கணினி மென்பொருளின் போலி ஃபிளாப்பி டிரைவ்! ஃபிளாப்பியை யாரும் சீண்டாத காலத்திலும் அந்த நிரல் உள்ளேயே கிடந்திருக்கிறது. சந்தேகமான கோப்பைச் சோதிப்பதானால் விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்துவிட்டு, ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு, நெட்வொர்க் மூன்றையும் அணைத்துவிட்டுத் திறங்கள்.